தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஒரே பேச்சுதான் கேட்கும். “அண்ணா, மெயில் அனுப்பியிருக்கேன், ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு. பிரிண்ட் போட்டுக் குடுங்க.” “கலராம்மா, பிளாக் அண்ட் ஒயிட்டா?” மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார்: “கலர்லயே போடுங்க தம்பி. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல.”

2018-இல் அண்ணா பல்கலைக்கழகம் கலந்தாய்வை இணையத்துக்கு மாற்றியது. அதுவரை குடும்பமே கிண்டிக்குக் கிளம்பிப் போய்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தது. இப்போது வீட்டு லேப்டாப்பில் விருப்பப் பட்டியலைப் போட்டுப் பூட்டுகிறார்கள். பூட்டிய கையோடு ஒரு ஸ்கிரீன்ஷாட். தட்கல் டிக்கெட்டுக்குப் பணம் போய் டிக்கெட் வராவிட்டால் ஒன்று. தேர்வாணைய விண்ணப்பம் கடைசிப் பக்கத்தில் சுற்றிக்கொண்டே நின்றால் ஒன்று. ‘நாளைக்கு யாராவது கேட்டால்’ என்ற பயத்துக்காகத்தான் நம் ஊரில் பாதி ஸ்கிரீன்ஷாட்டுகள் எடுக்கப்படுகின்றன. மீதிப் பாதி அடுத்தவரை மாட்டிவிட.

அந்த அம்மாவின் நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி? ஒரு ஸ்கிரீன்ஷாட் பிறந்த இடத்திலிருந்து யாராவது உண்மையிலேயே அதைக் கேட்கும் இடம் வரைக்கும் கூடவே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வழியில் அது எதையெல்லாம் இழக்கிறது என்பதுதான் இந்தக் கதை.

ஆரம்பத்தில் அது படமே இல்லை. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில், எண்கள் இருக்கும் பகுதியில், நட்சத்திரக் குறியோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ உட்கார்ந்திருந்தது. ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் இயந்திரத்துக்குள் நிரந்தரமாகப் பதித்திருந்த ஒரு சிறு நிரல் எழுந்திருக்கும். திரையில் இருக்கும் எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும். படித்ததை நேராகப் பிரிண்டருக்கு அனுப்பிவிடும். கோப்பு கிடையாது, சேமிப்பு கிடையாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று ஓடி முடித்தால் கையில் காகிதம். விசையின் பெயரில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் அது செய்தது. ஜெராக்ஸ் கடையில் நிற்கும் அம்மா கேட்பதும் இதையேதான், நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே அழுத்தலில் நடந்ததை.

விண்டோஸ் காலத்தில் திரை முழுக்கப் படமாயிற்று. எழுத்தும் படம், கோடும் படம், பொத்தானும் படம். அவற்றைப் பழைய மாதிரி எழுத்தெழுத்தாகப் பிரிண்டருக்கு ஓத முடியாது. ஆகவே அதே விசை இப்போது திரையின் நகலை நினைவகத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடும். மணி அடிக்காது, மின்னாது, பெட்டி திறக்காது. பெயிண்டைத் திறந்து கன்ட்ரோல்-வி அழுத்த வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. விசை கெட்டுப்போய்விட்டது என்று அதை விடாமல் குத்திக்கொண்டிருந்தவர்களை எந்த அலுவலகத்திலும் பார்த்திருக்கலாம். இதில் இன்னொரு ஆபத்து: அடுத்து எதையாவது நகலெடுத்தால் முதல் படம் போயே போய்விடும். ஆல்ட் விசையோடு அழுத்தினால் முன்னால் இருக்கும் ஜன்னல் மட்டும் வரும் என்பது அடுத்த நிலை ரகசியம்.

லேப்டாப்பில் இடம் குறைந்ததும் சிக்கல் கூடியது. சிலவற்றில் எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். சிலவற்றில் அது இன்சர்ட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சில திங்க்பேடுகளில் வலப்பக்க ஆல்ட்டுக்கும் கன்ட்ரோலுக்கும் நடுவில் நுழைந்திருக்கும். கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட லேப்டாப், அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனம். அந்த லேப்டாப்பில் ஒரே உடம்பில் இரண்டு உயிர்: ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் ‘பாஸ்’ லினக்ஸ். பாஸ் நம்ம ஊர்ச் சரக்கு. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அதற்கு முன்னால், 2005-இல், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சி-டாக்கோடு சேர்ந்து தொடங்கிய ஏயு-கேபிசி ஆய்வு மையம் இருப்பது குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துக்குள். தாம்பரம் மார்க்கமாகப் போகும் மின்சார ரயிலில் தினமும் அந்த வளாகத்தைத் தாண்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது. எம்ஐடி என்றால் அப்துல் கலாம் படித்த இடம் என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் இருந்ததால் ஒரே விசைக்கு இரண்டு குணம் வந்தது. விண்டோஸில் அழுத்தினால் மௌனம். பாஸில் இருந்த குநோம் திரையில் அழுத்தினால் உடனே ஒரு பெட்டி: படத்தைக் காட்டி, எந்தப் பெயரில் எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும். ஸ்கிரீன்ஷாட் ஒரு கோப்பு, அதற்குப் பெயர் உண்டு, இருப்பிடம் உண்டு, எடுத்த நேரம் உண்டு என்று சொல்லிக் கொடுத்தது அந்தப் பெட்டிதான். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸ் பக்கமே போனார்கள் என்பது வேறு விஷயம். சினிமாவும் விளையாட்டும் அங்கேதான் ஓடின. விண்டோஸ் அந்தப் பண்பைக் கற்றுக்கொண்டது 2012-இல். விண்டோஸ் 8-இல் விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கும், படங்கள் அடைவுக்குள் ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’ என்ற உள்ளடைவில் கோப்பு தானாகப் போய் விழும். பின்னாளில் கொரோனாவோடு சேர்ந்து லேப்டாப் திட்டமும் படுத்துவிட்டது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று மறுபடி எழுந்தது.

ஸ்கிரீன்ஷாட் நமக்கு இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. இங்கிலீஷ்காரர்களுக்கு அந்தத் தேவையே வந்ததில்லை. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் கணினித் தமிழ் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தது. ஒருவர் பாமினி, ஒருவர் வானவில், வெளிநாட்டில் இருப்பவர் டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் வகுத்துக் கொடுத்தது. ஆனாலும் பெறுகிறவரின் கணினியில் அதே எழுத்துரு இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை வாசகம்கூட ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த புரியாத கோலமாகத்தான் போய்ச் சேரும். யூனிகோடு இருந்தது, விண்டோஸ் எக்ஸ்பியிலோ அதற்கான ஆதரவைத் தேடிப் போய் நிறுவ வேண்டும். அப்போது பலரும் கண்டுபிடித்த குறுக்கு வழி, தட்டச்சு செய்த பக்கத்தைத் திரையிலேயே படம் பிடித்துப் படமாக அனுப்புவது. எழுத்துரு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, படம் படம்தானே. தமிழ் கடல் கடந்து போன விதங்களில் அதுவும் ஒன்று.

2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. அதன் பின் அந்தக் குறுக்கு வழிக்கு அவசியம் இல்லை. வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் நகராட்சி அறிவிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, அரசாணை எல்லாம் படமாகத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பார்வையற்ற ஒருவரின் போனில் இருக்கும் திரைவாசிப்பான் அந்தப் படத்துக்கு முன்னால் வந்து வாயடைத்து நிற்கும். கூகுள் லென்ஸ் ஓரளவு மீட்டுத் தருகிறது, உண்மைதான். ஆனால் எழுத்தாக இருந்ததைப் படமாக்கி, படமானதை மறுபடி எழுத்தாக்க இன்னொரு இயந்திரத்தைக் கூப்பிடுவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

படத்தின் உடம்புக்குள் கொஞ்சம் பார்க்கலாம். அரசு லேப்டாப் காலத்துத் திரைகள் பெரும்பாலும் 1366-க்கு 768. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக ஒரு திரை 30 லட்சம் பைட்டுக்கு மேல். விசையை அழுத்தும்போது கேமரா எதுவும் வேலை செய்வதில்லை. திரைக்கு அனுப்பத் தயாராக நினைவகத்தில் இருக்கும் அந்த எண்களை அப்படியே இன்னொரு இடத்தில் எழுதி வைப்பதுதான் நடக்கிறது. அதனால்தான் லேப்டாப் திரையில் தூசியும் விரல்தடமும் எவ்வளவு இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக வரும். காசு கொடுத்துப் பார்க்கும் சினிமாத் தளங்களில் சில சமயம் வெறும் கறுப்பு வருவதற்கும் காரணம் இதுவே: பாதுகாக்கப்பட்ட அந்த எண்களை நகலெடுக்கும் மென்பொருளின் கண்ணில் காட்டுவதில்லை.

பிஎன்ஜி என்ற கோப்பு வகை இந்த முப்பது லட்சத்தை ஒரு புள்ளிகூடச் சிந்தாமல் சுருக்குகிறது. 1994 கடைசியில் ஜிஃப் வகையின் சுருக்கு முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்டார்கள். அந்தக் கோபத்தில் இணையத்துக்காரர்கள் சேர்ந்து கட்டி 1996-இல் வெளியிட்டது பிஎன்ஜி. ஒரே வெள்ளைப் பரப்பும் நேர்க்கோடுகளுமான ஸ்கிரீன்ஷாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான உறை கிடையாது. அங்கேயே நின்றிருந்தால் நல்லது. நின்றதா? வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பியதும் அதை அந்தச் செயலி ஜேபெக்காக மாற்றி மறுபடி அழுத்துகிறது. ஜேபெக் முகங்களுக்கும் மரங்களுக்கும் பிறந்தது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு எட்டாத நுணுக்கத்தைக் கழித்துவிடும். முகத்தில் அது தெரியாது. சின்ன அளவில் அடித்த தமிழில் தெரியும். புள்ளிதான் முதலில் போகும். மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். நாலு குழுக்களைத் தாண்டி, நாலு பேர் மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய படத்தில் ‘ணி’யும் ‘னி’யும் ஒன்றுக்கொன்று உறவு சொல்லிக்கொள்ளும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் இந்தச் சேதம் எதுவும் இல்லை. அந்த ஒரு தட்டலுக்கு யாருக்கும் பொறுமையும் இல்லை.

இனி நறுக்குவது. 2007-இல் விஸ்டாவோடு ‘ஸ்னிப்பிங் டூல்’ பரவலாக வந்தது. 2017-இல் விண்டோஸ் 10 இன்னும் சுலபமாக்கியது: விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்து, வேண்டிய இடத்தை இழுத்து வெட்டு. இப்போது விண்டோஸ் 11-இல் பழைய பிரிண்ட் ஸ்கிரீன் விசையே அந்த வெட்டும் கருவியைத்தான் திறக்கிறது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தேவையில்லாத ஓரம் இல்லை, திறந்து கிடக்கும் பத்து டேப் மானத்தை வாங்காது.

நான் மட்டும் இதில் கொஞ்சம் பத்தாம்பசலி. அந்தப் பழைய விசை எடுத்த முழுத்திரைப் படத்தில் மேலே இணையதள முகவரி இருக்கும். கீழே வலது மூலையில் மணியும் தேதியும் இருக்கும். எந்தக் கணக்கில் உள்ளே நுழைந்தார் என்பது பல சமயம் பெயரோடு இருக்கும். அசிங்கமான படம், ஆனால் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும். நறுக்கிய படத்தில் இவை மூன்றும் முதல் வெட்டிலேயே போய்விடும். கருவி வளர வளர அது சொல்வது குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இதன் விளைவை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பார்க்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்த ஊர்கள் அவை. நவம்பரில் வானம் கறுத்தாலே வாட்ஸ்அப் குழுக்களில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் என்று ஒரு படம், ரேடார் என்று ஒரு படம், பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஒரு படம் வந்து விழும். அறிவிப்பு நிஜமானதுதான். ஆட்சியர் நிஜமாகவே சொன்னதுதான். எந்த வருஷம் சொன்னது என்பதுதான் படத்தில் இல்லை. பிள்ளைகள் குதித்துவிட்டுப் பிறகு சீருடையைத் தேடுவார்கள். விடுமுறை விஷயத்தில் அது வேடிக்கை. ஏரி திறந்துவிட்டார்கள் என்ற பழைய படத்தைப் பார்த்து வயதான பெற்றோரை ராத்திரியோடு ராத்திரியாக மாடிக்கு ஏற்றியவர்களுக்கு அது வேடிக்கை இல்லை.

நறுக்கியது எல்லா நேரமும் போய்விடுவதில்லை என்பது இதில் ஒரு கூத்து. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போனின் படம் திருத்தும் கருவியில் ஒரு ஓட்டை தெரியவந்தது. சில நாட்களிலேயே அதேபோல் ஒன்று விண்டோஸின் வெட்டும் கருவியிலும் இருப்பது தெரிந்தது. படத்தை நறுக்கி அதே கோப்பின் மேல் சேமித்தால், புதிய சின்னப் படம் கோப்பின் முன்பகுதியில் எழுதப்படும். பழைய பெரிய படத்தின் மிச்சம் பின்பகுதியில் அப்படியே கிடக்கும். பார்க்கும்போது தெரியாது. தெரிந்தவர்கள் தோண்டினால் வெட்டியெறிந்த பகுதியில் ஒரு பங்கை மீட்டுவிடலாம். வங்கிக் கணக்கு எண்ணை வெட்டிவிட்டதாக நினைத்து அனுப்பியவர்கள் அதையும் சேர்த்தே அனுப்பியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் உடனே சரி செய்துவிட்டது. சரி செய்வதற்கு முன் அனுப்பிய கோப்புகள் அங்கங்கே இருக்கின்றன.

முழுத்திரையே எடுத்தாலும் திரையில் இருந்தது உண்மையா என்பது தனிக் கேள்வி. லேப்டாப்பில் எந்த இணையப் பக்கத்தையும் திறந்து எஃப்12 அழுத்தினால் அந்தப் பக்கத்தின் உள்வேலை தெரியும். அங்கே ஒரு எண்ணை மாற்றினால் திரையிலும் மாறும். வங்கியின் கணினியில் ஒரு பைசா நகராது, உங்கள் திரையில் மட்டும் நீங்கள் கோடீஸ்வரர். போட்டோஷாப்பே வேண்டாம். டீக்கடைகளிலும் காய்கறிக் கடைகளிலும் பணம் வந்ததும் உரக்கச் சொல்லும் பெட்டி ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். “எவனோ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டக் காட்டிட்டு வடை பார்சல் வாங்கிட்டுப் போயிட்டான் சார்” என்று ஏதாவது ஒரு கடைக்காரர் சொல்லாமல் இருக்க மாட்டார். கண்ணை நம்பாமல் காதை நம்புவது என்று கடைத்தெரு முடிவெடுத்துவிட்டது.

கடைத்தெருவுக்கு முன்பே ரயில்வே முடிவெடுத்திருந்தது, அதுவும் நம் தடத்தில். 2015 ஏப்ரல் 22 அன்று ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு காகிதமில்லா முன்பதிவற்ற டிக்கெட் செயலியைத் தொடங்கி வைத்தபோது, நாட்டிலேயே முதலில் அது நடைமுறைக்கு வந்தது சென்னை எழும்பூர் – தாம்பரம் புறநகர்ப் பாதையில். டிக்கெட்டைச் செயலிக்குள்ளேயே திறந்து பரிசோதகரிடம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாமல் வந்தவராகத்தான் கணக்கு. பரிசோதகரைப் பார்த்த பிறகு வண்டிக்குள்ளிருந்தே வாங்கிவிட முடியாதபடி, போன் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்றால்தான் வாங்க விடும். ஒரு டிக்கெட்டைப் படமெடுத்துப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஊரில் படத்தை டிக்கெட் என்று ஏற்றால் ரயில்வே என்ன ஆவது? டிக்கெட்டின் உயிர் அந்தப் போனுக்குள் இருக்கிறது, படத்தில் இல்லை என்று அந்தப் பாதையில் வைத்தே சொல்லிவிட்டார்கள்.

அதே பாதையின் மறுமுனையில், எழும்பூரில், ஸ்கிரீன்ஷாட்டின் மூதாதை ஒன்று 2004-லேயே கூண்டேறியிருக்கிறது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண் போலீஸில் புகார் கொடுத்தார். யாஹூ குழு ஒன்றில் அவர் பெயரில் ஆபாசமாக எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தார்கள். வேண்டாத அழைப்புகளால் அவர் நிம்மதி போயிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரை மும்பையில் பிடித்தார்கள். மார்ச் மாதம் குற்றப்பத்திரிகை. எழும்பூர் கூடுதல் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நவம்பர் 5 அன்று தீர்ப்பு: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவிலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 469, 509 பிரிவுகளிலும் குற்றவாளி, இரண்டு ஆண்டு கடுங்காவல், அபராதம். 67-ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று சட்டக்காரர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஒன்பது மாதத்துக்குள் புகாரும் தீர்ப்பும் முடிந்தது இன்னொரு அதிசயம்.

நம் கதைக்கு வேண்டியது அதன் நடுவில் இருக்கிறது. யாஹூவின் கணினி அமெரிக்காவில். அந்தப் பதிவை எழும்பூர் நீதிமன்றத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? நாவி என்று அறியப்படும் சைபர் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர் அந்தப் பக்கத்தைத் தானே திறந்து பார்த்து, திரையில் கண்டதை அச்செடுத்து, இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். சாட்சிக் கூண்டிலும் ஏறினார். மின்னணு ஆவணம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அந்த வல்லுநரின் சாட்சியத்தையும் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களின் சாட்சியத்தையும் சேர்த்து ஏற்றது. காகிதம் தானாக எதையும் நிரூபிக்கவில்லை. எந்தக் கணினியில், எந்த நேரத்தில், எந்த முகவரியில் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். எவன் வந்து உட்கார்ந்தான் என்று சொல்லக் கடைக்காரர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் இந்த 65பி விஷயத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது. 2014 செப்டம்பரில் அன்வர் வழக்கில் சான்றிதழ் கட்டாயம் என்றது. நடுவில் கொஞ்சம் தளர்ந்தது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் மறுபடி கட்டாயம் என்று முடிச்சுப் போட்டது. அதில் ஒரு விதிவிலக்கு எனக்கு மிகவும் பிடித்தது: உரியவர் அந்த லேப்டாப்பையே நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, இது என்னுடையது, இதில் இருப்பது இது என்று காட்டிவிட்டால் சான்றிதழ் வேண்டாம். நகலுக்குத்தான் சான்று, மூலம் வந்து நின்றால் மூலமே பேசும்.

2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் இருக்கிறது. 65பி இப்போது 63. சான்றிதழுக்கு இரண்டு பாகம். முதல் பாகத்தைப் படத்தைக் கொண்டுவருகிறவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை ஒரு வல்லுநர். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பை எழுத வேண்டும். ஷா-1, ஷா-256, எம்டி5 என்று வகைகளையும் படிவமே போட்டிருக்கிறது. கோப்பில் இருக்கும் எல்லா பைட்டுகளையும் ஒரு கணக்குக்குள் போட்டு அரைத்து வரும் நீண்ட எண் அது. ஒரே ஒரு புள்ளியின் நிறம் இம்மி மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும். வாட்ஸ்அப் அழுத்திய ஜேபெக்குக்கு ஒரு எண், லேப்டாப்பில் கிடக்கும் பிஎன்ஜிக்கு வேறு எண். கண்ணுக்கு இரண்டும் ஒரே படம். சட்டத்துக்கு இரண்டு வெவ்வேறு பொருள். வழியில் உதிர்த்துவிட்டு வந்த தேதி, முகவரி, இயந்திரம், ஆள் எல்லாவற்றையும் கடைசி நிறுத்தத்தில் திரும்பக் கேட்கிறார்கள்.

இதெல்லாம் நீதிமன்றம் போகிறவர்களுக்கு என்று விட்டுவிட முடியவில்லை. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரகம் இருக்கிறது. பகுதி நேர வேலை, பங்குச் சந்தை, டிஜிட்டல் கைது என்று பணத்தைப் பறிகொடுத்தவர்கள் 1930-க்குப் போன் செய்கிறார்கள், சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதிகிறார்கள். அங்கே ஆதாரம் என்று ஏற்றுவது பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்தான். அழகாக நறுக்கி, பெயரை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, குழுவிலிருந்து இறக்கிய மூன்றாம் கைப் படமாக அதை ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முழுத்திரையாக எடுங்கள், முகவரியும் மணியும் தெரியட்டும். மூலக் கோப்பை லேப்டாப்பிலேயே வைத்திருங்கள், அதன் மேல் எதையும் வரையாதீர்கள். பக்கத்தையும் மெயிலையும் அழிக்காமல் விடுங்கள். படம் வழி காட்டும்; போலீஸ் கேட்டு வாங்கப்போவது வங்கியின் பதிவையும் நிறுவனத்தின் பதிவையும்தான்.

இதற்கிடையில் மைக்ரோசாஃப்ட் நாம் விசையை அழுத்தும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பார்த்தது. 2024 மே மாதம் அறிவித்த ‘ரீகால்’, சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் தேடிப் பார்க்க விடும் வசதி. அந்தரங்கம் என்ன ஆவது என்று எழுந்த கூச்சலில் பின்வாங்கி, விரும்பினால் மட்டும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் சில புதிய லேப்டாப்புகளுக்குக் கொடுத்தார்கள். ஒருமுறை சம்மதித்துவிட்டால், இனி ‘நாளைக்கு யாராவது கேட்டால்’ என்ற கேள்விக்கு லேப்டாப் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்காமலேயே பதில் வைத்திருக்கும். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அது நல்லதா கெட்டதா என்று சொல்லலாம்.

புதிய சான்றிதழின் முதல் பாகத்துக்கு வருவோம். வல்லுநருக்குச் சொல்லிவிடலாம், ஹேஷ் மதிப்பை யாராவது எடுத்துத் தருவார்கள். அதற்கு முன்னால் இருக்கும் கட்டங்களை லேப்டாப்பின் சொந்தக்காரர்தான் நிரப்ப வேண்டும். கம்பெனி, மாடல், வரிசை எண். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எழுத வேண்டியது. நடுவில் இன்னொரு கட்டமும் இருக்கிறது: கருவியின் நிறம்.